பல்கனித் தூவானமும் பேஸ்மென்ட் ஈரமும்: கொழும்புத் தொடர்மாடி முகாமைத்துவக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

ஐப்பசி பிறந்து பின்னேர மழை தொடங்கியதும், வெள்ளவத்தை முதல் கொட்டாஞ்சேனை வரை தொடர்மாடிகளின் லிஃப்ட் வாசலில் சில அறிவித்தல்கள் முளைக்கும். வாசகம் கட்டிடத்துக்குக் கட்டிடம் கொஞ்சம் மாறினாலும் சாரம் ஒன்றுதான். ஈர நாயை லிஃப்டில் ஏற்றக்கூடாது. நாய் வளர்ப்போர் அதைப் பல்கனியோடு வைத்துக்கொள்ள வேண்டும். கார் பார்க்கில் பூனைக்குச் சாப்பாடு போடக்கூடாது. கீழே படுக்கும் நாய்களைத் துரத்தும்படி செக்யூரிட்டிக்குச் சொல்லியாயிற்று. எல்லாம் சுத்தத்தை நினைத்து எழுதியவை. அதில் எங்களுக்குப் பிணக்கில்லை. ஆனால் அவற்றை எழுதியபோது குளிர் என்ற ஒன்றை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அதுதான் எங்கள் முறைப்பாடு.

“கொழும்பில் என்ன குளிர்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மார்கழி, தை மாதங்களில்கூட இங்கே விடியப்புறம் 22 பாகை செல்சியஸ் அளவில்தான் நிற்கும். நுவரெலியாக்காரர் கேட்டால் சிரிப்பார். ஆனால் 2022 டிசம்பரில், மாண்டஸ் சூறாவளி வங்கக் கடலில் நின்ற நாட்களில், வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் விறைத்துச் செத்தன. அங்கே பனி கொட்டவில்லை. மழையும் காற்றும் இருந்தன, ஒதுங்க இடம் இருக்கவில்லை, அவ்வளவுதான். மிருகத்தின் மயிருக்குள் சிக்கியிருக்கும் காற்றே அதன் போர்வை. நனைந்ததும் அந்தக் காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு சூட்டைக் கடத்தும். அதன்மேல் காற்றும் அடித்தால் ஈரம் ஆவியாகும்போது மிச்சச் சூட்டையும் கொண்டுபோகும். நனைந்த சட்டையோடு ஃபேனுக்குக் கீழே பத்து நிமிடம் நின்று பார்த்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே இந்த மடலில் குளிர் என்று நாங்கள் சொல்வது ஈரம், காற்று, வெறுந்தரை மூன்றும் சேர்ந்ததை. தன் வீட்டுக்குள்ளே நாயையும் பூனையையும் பார்த்துக்கொள்வது வளர்ப்பவரின் பொறுப்பு. ஆனால் பல்கனியில் என்ன கட்டலாம், லிஃப்டில் என்ன ஏறலாம், பேஸ்மென்டை எப்போது எதனால் கழுவுவது என்பதெல்லாம் உங்கள் தீர்மானம். அதனால்தான் மடல் உங்களுக்கு.

பல்கனியிலிருந்து தொடங்குகிறோம். மரைன் டிரைவ் பக்கம் பார்த்த பல்கனிகளுக்கு வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் (தென்மேற்குக் காற்று) நேரே முகத்தில் அடிக்கும். காலி வீதிப் பக்கம், கிழக்கும் வடக்கும் பார்த்தவற்றுக்கு மார்கழியில் வாடை. ஐந்தாம் ஆறாம் மாடிக்கு மேலே தூவானம் பல்கனியின் பின்சுவர் வரை வந்து விழும். தரை ஓடு காய்வதற்குள் அடுத்த மழை பிடித்துவிடும். அந்த ஓட்டில் இராமுழுக்க ஒரு நாயைக் கட்டி வைத்தால் அதன் வயிற்றுச் சூடு முழுவதும் தரைக்குப் போகும். இதிலே வேடிக்கை என்னவென்றால், நாயைப் பல்கனியில் வைக்கச் சொல்லும் அதே விதிமுறைத் தாள், கட்டிடத்தின் முகப்பு கெடும் என்று பல்கனியில் திரை கட்டவும் தடை சொல்லும். இரண்டில் ஒன்றை விடுங்கள். எங்களைக் கேட்டால், நாய் வீட்டுக்குள்ளே படுக்க வேண்டும். அது முடியாத வீடுகளுக்கு மழை மாதங்களில் மட்டும், எல்லாருக்கும் ஒரே நிறத்தில், சுருட்டி ஏற்றக்கூடிய திரை கட்ட அனுமதி கொடுங்கள்.

திரையைக் கட்டும் விதத்திலும் ஒரு பிழை வழக்கமாக நடக்கிறது. மனிதர் நிற்கும் உயரத்தை மறைத்துவிட்டுக் கீழே ஓரடி இடைவெளி விடுகிறார்கள், தண்ணீர் வழிந்தோட வசதி என்று. நாய் படுப்பது அந்த ஓரடிக்குள்ளே. காற்று அதற்குள்ளால்தான் வரும். திரை நாயின் மூலையில் தரை வரை இறங்கி, கீழ்முனை கட்டப்பட்டிருக்க வேண்டும். காற்றோட்டத்துக்கு மேலே ஒன்றரை அடி திறந்து கிடக்கட்டும். தடித்த பொலித்தீன் என்றால் மழை விட்டதும் சுருட்டிவிட வேண்டும். மறந்துபோனால் மறுநாள் மத்தியான வெயிலில் அந்தப் பல்கனி அடுப்பாகிவிடும். குளிருக்குப் பயந்து செய்தது சூட்டால் கொல்லும். மேற்குப் பார்த்த வீடுகள் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும்.

திரைக்குப் பின்னால் படுக்கை. தரைக்கும் படுக்கைக்கும் இடையில் 4 அங்குலம் காற்று இருக்க வேண்டும். செங்கல் நான்கின் மேல் ஒரு பலகை போதும். அதன்மேல் பழைய கார் மிதிரப்பர், அதன்மேல் சாக்கு. ஒரு நாய்க்கு மூன்று சாக்குத் தேவை: ஒன்று படுக்க, ஒன்று கழுவிக் காய, ஒன்று காய்ந்து மடித்திருக்க. மழைக் காலத்தில் ஒரு சாக்கு காயக் குறைந்தது இரண்டு நாள் பிடிக்கும் என்பதே இந்தக் கணக்கின் காரணம். பழைய கம்பளியைப் போடுவது கருணையாகத் தெரியும். ஆனால் கம்பளி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஈரக் கம்பளியில் படுப்பதைவிட வெறும் பலகை மேல். பெட்டி வைப்பதென்றால் சாதாரண ஊர் நாய்க்கு 3 அடி நீளம், 2 அடி அகலம், இரண்டரை அடி உயரம். பெரிய பெட்டி வாங்கிக்கொடுத்தால் நாய்க்குச் சுகம் என்று நினைப்பது தவறு. அதைச் சூடாக்க நாயிடம் இருப்பது தன் உடம்பு மட்டும்தான். இடம் கூடினால் சூடு தங்காது. வாசலை நடுவில் வெட்டாமல் ஒரு ஓரமாக வெட்டினால், நாய் மற்ற ஓரத்தில் காற்றுப் படாமல் சுருண்டு கொள்ளும்.

எல்லா நாய்க்கும் ஒரே அளவு கூதல் இல்லை. டாஷ்ஹண்ட், மினியேச்சர் பின்ஷர், சிவாவா, மயிர் குறைந்த ஊர் நாய், பத்து வயது தாண்டியது எதுவும் முதலில் நடுங்கும். ஷிட்சு போன்ற நீள மயிர் நாய்க்கு வேறு சிக்கல்: மேல்மயிர் காய்ந்தமாதிரி இருக்கும், அடிமயிர் மூன்று மணி நேரம் கழித்தும் ஈரமாக இருக்கும். சிக்குப் பிடித்த மயிரில் இன்னும் மோசம். பிறகு தோலில் ஈரப்புண் வரும். கொழும்பில் ஹஸ்கி வளர்ப்பவர்களுக்கு இந்த மடலில் வேலை இல்லை. அவர்களுக்கு நாங்கள் எழுத வேண்டியது வேறொரு மடல், அதில் தலைப்பே வெயில்.

அடுத்தது லிஃப்ட். ஈர நாய் ஏறினால் நாற்றம், தரை வழுக்கும்: இரண்டும் உண்மை. அதற்குத் தீர்வு ஏழு மாடியைப் படியால் ஏறச் சொல்வதல்ல. மூட்டுவாதம் உள்ள நாய்க்கு ஈரக் குளிரில் இடுப்பும் முழங்காலும் இறுகும். படியில் அது ஏறும்போது பின்கால் விலகும். கீழ்வாசலில் ஒரு ரப்பர் மிதியடியும் துவாய் தொங்கவிட நாலு கொளுக்கியும் போடுங்கள். துவாய் அவரவருடையது. நாய் முதலில் உதறட்டும். உடம்புத் தண்ணீரில் பெரும் பங்கு அந்த உதறலில் போய்விடும். பிறகு பாதம், விரலிடுக்கு, வயிறு, கால் சேரும் இடங்கள், காது என்று கீழிருந்து மேலே துடைக்க வேண்டும். முதுகைத் துடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். குளிர் ஏறுவது வயிற்றால். மூன்று நிமிட வேலை. துடைத்த நாய் லிஃப்டில் ஏறலாம் என்று விதியை மாற்றி எழுதினால் நாற்றப் பிரச்சினையும் பெரும்பாலும் தீரும். மழைச்சட்டை போட்டு வரும் நாயின் சட்டையை வாசலிலேயே கழற்றச் சொல்லுங்கள். நனைந்த சட்டையோடு வீட்டுக்குள் விட்டால் அது சட்டை போடாததைவிடக் கெடுதல்.

வீட்டுக்குள்ளே போனதும் ஏசி. 18இல் வைத்த அறையில், காற்று நேரே இறங்கும் இடத்தில், ஓட்டுத் தரையில், அரைகுறையாகக் காய்ந்த நாய். இது பல்கனியைவிட மேல் என்று சொல்ல முடியாது. 25, 26இல் வைத்து, படுக்கையை ஏசிக்கு எதிர்ச்சுவருக்கு மாற்றினால் போதும். இதற்கு உங்கள் அனுமதி தேவையில்லை. அறிவித்தலில் ஒரு வரி சேர்த்தால் உதவி.

இனிப் பேஸ்மென்ட். சொல்ல வேண்டியது இங்கேதான் அதிகம்.

மழை இரவுகளில் தெரு நாயும் பூனையும் ஏன் உங்கள் கார் பார்க்குக்கு வருகின்றன? காய்ந்த தரை, சூடான எஞ்சின். துரத்தினால் போகும், விடிவதற்குள் திரும்பி வரும், அல்லது குட்டி போட இன்னும் இருட்டான மூலையைத் தேடும். குட்டி விஷயத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பிறந்த முதல் வாரத்தில் நாய்க்குட்டிக்கு நடுங்கத் தெரியாது. தன் சூட்டைத் தானே காக்கவும் முடியாது. அதைச் சுற்றியுள்ள காற்று 29 முதல் 32 பாகை செல்சியஸ் வரை இருக்க வேண்டும். அப்படியென்றால் கொழும்பின் சாதாரண இரவே அதற்குக் குளிர்தான். தாயின் வயிறுதான் வித்தியாசத்தை ஈடுகட்டுகிறது. செக்யூரிட்டி தும்புத்தடியோடு தாயைத் துரத்திவிட்டு, குட்டிகளைச் சீமெந்துத் தரையில் விட்டால் சில மணி நேரத்தில் அவை குளிர்ந்துவிடும்.

அதன்பிறகு இரக்கப்பட்ட யாரோ ஒருவர் பால் கொண்டுவருவார். அங்கேதான் குட்டி சாகிறது. குளிர்ந்த குட்டியின் குடல் இயங்காது. உள்ளே போன பால் செரிக்காமல் கிடக்கும், விழுங்க பலமில்லாததால் மூச்சுக்குழலுக்குள்ளும் போகும். முதலில் சூடு, பிறகுதான் பால். ஒரு லீற்றர் போத்தலில் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீர் நிரப்பி, துவாயில் இரண்டு சுற்றுச் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு கூடினால் குட்டி மற்றப் பக்கம் ஊர்ந்து போக இடம் வேண்டும். ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் மெதுவாகச் சூடேற வேண்டும். அவசரப்பட்டு ஹெயார் டிரையர் பிடித்தால் தோல் வேகும், உள்ளே குளிர் அப்படியே இருக்கும். குட்டியின் வாய்க்குள் சின்ன விரலை வைத்துப் பாருங்கள்: வாய் சூடாக இருந்து, விரலைச் சப்பினால் பால் கொடுக்கலாம். அதுவும் பசுப்பால் அல்ல. நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசுப்பாலைப்போல் இரு மடங்குக்கு மேல். இனிப்புச் சத்தோ பசுப்பாலில்தான் கூட, அது வயிற்றைப் போக்கும். குட்டிகளுக்கென்று விற்கும் பால்மாதான் சரி. இதையெல்லாம் விட எளிய வழி, தாயைத் துரத்தாமல் மூன்று, நான்கு வாரம் ஒரு மூலையை விட்டுக்கொடுப்பது. குட்டிகள் பால் மறந்த பிறகு தாய்க்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விக்கலாம். நாய்த்தொல்லை குறைய அதைவிட வேறு வழி கிடையாது. துரத்தித் துரத்தி எந்தக் கட்டிடமும் நாய் இல்லாமல் ஆனதில்லை.

பூனைக்கு இன்னும் சுலபம். மீன் கடைகளில் வீசும் மூடியோடு கூடிய ரிஜிபோம் பெட்டி ஒன்று, சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் இரண்டு நாள் காயவைத்தால் மீன் நாற்றம் போய்விடும். போகாவிட்டாலும் பூனைக்கு ஆட்சேபனை இல்லை. ஒரு பக்கத்தில் 6 அங்குல வட்டமாக வாசல் வெட்டுங்கள். அதைவிடப் பெரிதாக வெட்டினால் நாய் தலையை நுழைக்கும், காற்றும் புகும். வாசல் தரை மட்டத்தில் இருக்கக்கூடாது, மூன்று அங்குலம் மேலே. அடியில் பேனைத் தடிப்பில் இரண்டு துளை, ஈரம் வடிய. மூடியை டேப்பால் ஒட்டி, வெளியே கறுப்புப் பொலித்தீன். உள்ளே வைக்கோல், அது கிடைக்காவிட்டால் கீலம் கீலமாகக் கிழித்த பத்திரிகைத் தாள், இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இப்படி இரண்டு பெட்டி, வாகனம் திரும்பாத ஒரு தூணுக்குப் பின்னால் வைத்துவிட்டால் பூனை எஞ்சினைத் தேடாது.

எஞ்சினைத் தேடினால் என்ன ஆகும் என்பதைக் காலையில் காரை ஸ்டார்ட் பண்ணி அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஃபேன் பெல்ட் பூனையைப் பிடித்துவிடும். பொனெட்டில் இரண்டு தட்டு, ஒரு ஹோர்ன், பத்து எண்ணிக்கை, பிறகு சாவி.

அதே தரையில் இன்னொரு ஆபத்தும் கிடக்கிறது. ரேடியேட்டரிலிருந்து சொட்டும் கூலன்ட். பச்சையோ சிவப்போ, அதிலே பெரும்பாலும் எதிலீன் கிளைக்கோல் இருக்கும், அது இனிப்பு. கலக்காத கூலன்ட் ஒரு தேக்கரண்டி அளவே ஒரு பூனையைக் கொல்லப் போதும். குடித்த முதல் சில மணி நேரம் தள்ளாடும், வாந்தி எடுக்கும். பிறகு தெளிந்ததுபோல் இருக்கும். அந்தத் தெளிவு பொய். சிறுநீரகம் அப்போதுதான் அழிந்துகொண்டிருக்கும். பூனைக்கு மருந்து வேலை செய்யும் அவகாசம் ஏறக்குறைய மூன்று மணி நேரம், நாய்க்குச் சற்றுக் கூட. ஆகவே தரையில் நிறத்தண்ணி கண்டால் செக்யூரிட்டி முதலில் மணலோ மரத்தூளோ கொட்டி ஊறவைத்துக் கூட்டி, மூடியுள்ள வாளியில் போட்டு, அதன்பிறகு சவர்க்காரத் தண்ணீரால் கழுவ வேண்டும். நேரே ஹோஸ் பிடித்தால் குட்டை இன்னும் அகலமாகும். ஒழுகும் வாகனத்தின் சொந்தக்காரருக்குக் குழுவின் கடிதம் போகட்டும். பூனைக்குச் சாப்பாடு வைப்பவருக்குப் போகும் கடிதத்தைவிட அதற்குக் காரணம் கூட.

கழுவுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல கட்டிடங்களில் விடியப்புறம் ஐந்து மணிக்கு ஃபீனைல் ஊற்றித் தரையைக் கழுவி, அப்படியே ஈரமாக விட்டுவிடுகிறார்கள். நாய்க்கு இது ஈரத்தரை. பூனைக்கு அதோடு விஷமும். ஃபீனோல் வகைகளையும் பைன் எண்ணெயையும் உடைத்து வெளியேற்றப் பூனையின் ஈரலுக்கு வசதி போதாது. பாதத்தில் ஒட்டியதை அது நக்கியே தீரும். எச்சில் வடிதல், வாய்ப்புண், நடுக்கம் என்று வரும். பிளீச்சிங் கரைசலை நீரில் நன்றாகக் கலந்து (30 பங்குக்கு ஒன்று) துடைத்து, சுத்தத் தண்ணீர் விட்டு, வைப்பரால் இழுத்துக் காயவைத்தால் கிருமியும் போகும், தரையும் காயும். ஃபீனைல் மணம்தான் சுத்தத்தின் மணம் என்று பழகிவிட்ட மூக்குகளுக்குக் கொஞ்ச நாள் ஒரு மாதிரி இருக்கும். அவ்வளவுதான்.

தேங்கும் தண்ணீரை விடவே கூடாது. எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் ஈர மண்ணிலும் எலிக்காய்ச்சல் கிருமி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும், காய்ந்தால் செத்துவிடும். நாய்க்கும் வரும், நாயைக் கவனிப்பவருக்கும் வரும், பேஸ்மென்டைக் கழுவும் தொழிலாளிக்குத்தான் முதலில் வரும். லிஃப்ட் குழி, சாய்வுப்பாதையின் அடிவாரம், குப்பைத் தொட்டிப் பக்கம் மூன்றையும் மழை விட்ட அன்றே இறைத்து விடுங்கள். நாய்களுக்கு இதற்கான தடுப்பூசி ஆண்டுக்கு ஒன்று. முதல்முறை போடுவதென்றால் இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டு. மழைக்கு முன்பே போட்டால்தான் பலன். விசர்நாய்த் தடுப்பூசியும் சேர்த்துப் பதிவேட்டில் எழுதுங்கள் என்று குடியிருப்பாளரிடம் நீங்கள் கேட்டால், எங்களில் ஒருவரும் முறுக மாட்டோம்.

இப்போது நாங்கள் உங்கள் பலகையில் ஒட்டச் சொல்வது. நடுங்கும் பூனைக்குப் பனடோல் கொடுக்கக் கூடாது. இது பெரிய எழுத்தில் வர வேண்டும். 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதி ஒரு பூனையைக் கொல்லும். பல்முரசு மண்ணிறமாகவோ நீலமாகவோ மாறும், முகம் வீங்கும். நாய்க்கும் மனிதரின் வலி மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம். நெஞ்சில் பூசும் தைலம், கற்பூரம், யூகலிப்டஸ் எதுவும் தடவக் கூடாது, நக்கிவிடும். சூடேற்ற என்று பிரண்டியோ சாராயமோ ஊற்றினால் தோலுக்கடியில் உள்ள இரத்தக்குழாய்கள் விரிந்து இருக்கும் சூடும் வெளியே போகும், பார்ப்பவருக்கு மட்டும் நடுக்கம் நின்றதுபோல் தெரியும். நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் உண்ணி மருந்து பூனைக்கு ஆகாது. மழைக்கு யன்னலைச் சாத்திவிட்டு அதே அறையில் நுளம்புச் சுருள் ஏற்றுவது பூனைக்கும் கெடுதல், கூண்டுப் பறவைக்கு அதைவிட. கூண்டின் மூன்று பக்கத்தைத் துணியால் மூடி ஒரு பக்கத்தைத் திறந்துவைத்தால் லவ் பேர்ட்ஸ் வாடையைத் தாங்கும். சிறகைப் பந்துபோல் உப்பி, கம்பியின் அடியில் உட்கார்ந்திருந்தால் தூங்குகிறது என்று நினைக்க வேண்டாம்.

விறைத்துப்போன நாயையோ பூனையையோ செக்யூரிட்டி கண்டால் செய்ய வேண்டியதும் பலகையில் இருக்கட்டும். துடைக்க வேண்டும், அழுத்தித் தேய்க்கக் கூடாது. காய்ந்த சாக்கிலோ போர்வையிலோ சுற்றி, துணி சுற்றிய சுடுதண்ணிப் போத்தல்களை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் பக்கத்தில் வைக்க வேண்டும், கால்களுக்கு அல்ல. வெப்பமானி இருந்தால் நுனியில் வாசலின் தடவி ஆசனவாயில் ஓரங்குலம். நாய்க்குச் சாதாரண சூடு 101 முதல் 102.5 பாகை பாரன்ஹைட். அதை மனிதருக்குப் போலக் காய்ச்சல் என்று எடுத்து ஐஸ் வைப்பவர்களும் உண்டு. 99க்குக் கீழே என்றால் குளிர் பிடித்திருக்கிறது. 95க்குக் கீழே என்றால், அல்லது நடுக்கம் நின்று உடல் தளர்ந்து கண் சொருகினால், வீட்டில் வைத்துப் பார்க்க நேரமில்லை. சுற்றியபடியே மிருக வைத்தியரிடம். நடுக்கம் நிற்பதைச் சுகம் என்று எடுப்பதுதான் இதிலே அடிக்கடி நடக்கும் தவறு. தலையைத் தானே தூக்கும் வரை வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம்.

டிசம்பர் விடுமுறைக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் உங்கள் கட்டிடங்கள் பாதி காலியாகும். நுவரெலியாவுக்கு நாயையும் கூட்டிப்போவோர் கூடிவருகிறார்கள். அது 1,868 மீற்றர் உயரம். தை, மாசி இரவுகளில் அங்கே புல்லில் உறைபனி விழும் நாட்களும் உண்டு. கொழும்பு ஓட்டில் வளர்ந்த டாஷ்ஹண்டை அங்கே கராஜில் படுக்கவைப்பது கொடுமை. கூட்டிப்போவதென்றால் அதன் பழைய படுக்கை, இரண்டு ஸ்வெட்டர், ஒன்று நனைந்தால் மாற்ற. குளிப்பாட்டல் கொழும்புக்குத் திரும்பிய பிறகு. ஹீட்டருக்கு மூன்றடி தள்ளிப் படுக்கை. மூடிய அறையில் கரிச்சட்டி வைக்கவே கூடாது. அந்தப் புகையில்லாத நச்சுவாயு நாயோடு சேர்த்து ஆட்களையும் எடுத்துவிடும். எங்கள் அபிப்பிராயத்தில், வயதான நாயும் ஒரு வயதாகாத குட்டியும் இங்கேயே நிற்பது நல்லது. ஆனால் நிற்க வேண்டுமானால், சாவியைப் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்து அவர் காலையும் மாலையும் போய்வர, அவரது பெயரைச் செக்யூரிட்டிப் புத்தகத்தில் எழுத நீங்கள் இடங்கொடுக்க வேண்டும். பல கட்டிடங்களில் வெளியாள் என்று வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். நாய் பல்கனியில் இரண்டு நாள் நனைகிறது.

மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907இல் எழுதப்பட்டது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நாங்கள் உங்களிடம் வரவில்லை. அடுத்த குழுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் ஒரு விடயமாகச் சேர்த்தால் போதும்: பல்கனித் திரைக்கு அனுமதி, துடைத்த நாய்க்கு லிஃப்ட், பேஸ்மென்டில் இரண்டு ரிஜிபோம் பெட்டியும் ஒரு பலகைத்தட்டும், ஃபீனைலுக்குப் பதில் பிளீச்சிங், ஒரு வாளி மணல், விடுமுறைக்குப் பெயர்ப்பதிவு. புரட்டாதிக் கூட்டத்தில் எடுத்தால் ஐப்பசி மழைக்கு முன் செய்து முடிக்க ஒரு மாதம் இருக்கும். பெட்டி வெட்டவும், செக்யூரிட்டி உத்தியோகத்தர்களுக்கு வெப்பமானி பிடிக்கக் காட்டவும் எங்களில் இருவர் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வருவார்கள்.

ஒன்றுக்கு மட்டும் கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். கார் பார்க் வெளிவாசலில் அல்ல, வாகனம் நிற்கும் ஒவ்வொரு தூணிலும், சாரதி கதவைத் திறக்கும்போது கண்ணில் படும் உயரத்தில், தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு தாள்: “பொனெட்டில் தட்டிவிட்டு எஞ்சினைப் போடுங்கள்.” வெளிவாசலில் ஒட்டினால் அதை வாசிக்கும்போது எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்.

இப்படிக்கு,
கொழும்பில் நாய் பூனை வளர்ப்போரும் மிருக வைத்திய நிலையங்களில் வேலை செய்வோருமான சிலர்